எழுத முதல் அந்த வீட்டுப் படலைக்குப் போங்கோ

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், லண்டனுக்குச் செய்திக் கடிதம் எழுதிய என் பழைய காலத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். இம்முறை பக்கம் முழுவதும் இதற்கே.

அன்ரி, நான் சமூகவியல் படிக்கிறேன். ஜேர்மனியில் நடக்கும் இனவாதச் சம்பவங்களைப் பற்றி மாதம் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று கேட்டிருக்கிறது. பத்திரிகைச் செய்திகளை மொழிபெயர்த்து அனுப்பினால் போதுமா? நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?
*மாணவி, டோட்முண்ட்*

போதாது பிள்ளை. எனக்கு அது விளங்கியது சோலிங்கனில்.

1993ஆம் ஆண்டு. வூப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குத் துப்புரவு வேலை. லண்டனில் ‘இன்ஸ்டிடியூட் ஒப் ரேஸ் ரிலேஷன்ஸ்’ என்ற இனவுறவு ஆய்வு நிறுவனம், ஐரோப்பிய நாடுகளில் நடக்கும் இனவாதத் தாக்குதல்களைத் தொகுத்து ஒரு சஞ்சிகை வெளியிட்டுக்கொண்டிருந்தது. என்னோடு யாழ்ப்பாணத்தில் படித்து லண்டனுக்குப் போன சிநேகிதி ஒருத்தி ரெலிபோனில், “உனக்கு ஜேர்மன் பேப்பர் வாசிக்கத் தெரியும், இங்கிலீசும் எழுதுவாய். கண்டதை எழுதி அனுப்பு” என்றாள். சம்பளம் கிடையாது. முத்திரைக் காசும் என்னுடையதுதான்.

மே 29, பெந்தெகொஸ்தே விடுமுறைச் சனிக்கிழமை. விடியப்புறம் சோலிங்கனில் கெஞ்ச் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் செத்துப்போனார்கள். நான் மூன்று பேப்பர் வாங்கிக் கத்தரித்து, ஒரு பக்கத்தில் மொழிபெயர்த்து, பாக்ஸில் (தொலைநகலில்) அனுப்பினேன். “ஐந்து துருக்கியர் பலி” என்றுதான் தொடங்கினேன், பேப்பரில் அப்படித்தான் இருந்தது. திரும்பி வந்த பாக்ஸில் நன்றி ஒரு வரி, அதன்கீழே கேள்விகள். இறந்தவர்களின் பெயர் என்ன? எத்தனை வருடமாக அந்த வீட்டில் இருந்தார்கள்? குடும்பத்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள்? ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. சோலிங்கன் எனக்கு ரயிலில் அரைமணி நேரம். ஆனால் லண்டனில் இருப்பவருக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது.

வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கூரை எரிந்து வளை மரங்கள் மட்டும் கறுத்து நின்றன. வாசலெல்லாம் பூவும் மெழுகுவர்த்தியும். மழை பெய்திருந்ததால் நனைந்த கரியின் மணம் தெருமுனைக்கே வந்தது. முக்காடு போட்ட ஒரு அம்மா மதிலில் இருந்தா. என்னைப் பார்த்து “எங்கேயிருந்து?” என்று கேட்டா. “ஸ்ரீலங்கா, அகதி” என்றேன். தள்ளியிருந்து இடம் விட்டா.

கொப்பியை எடுத்து, பெயர்களைச் சொல்லச் சொன்னேன். குர்சுன் இஞ்சே, 27 வயது. ஹதிஜே கெஞ்ச், 18. குலுஸ்தான் ஒஸ்துர்க், 12. ஹுல்யா கெஞ்ச், 9. சைமே கெஞ்ச், 4. ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தா. ‘கெஞ்ச்’ என்று எழுதியபோது பேனையை என் கையிலிருந்து வாங்கி, கடைசி எழுத்தின் அடியில் ஒரு சின்னக் கொக்கி போட்டா. துருக்கி மொழியில் அந்தக் கொக்கி இல்லாவிட்டால் உச்சரிப்பே மாறிவிடும். மூன்று பெயரில் அந்தக் கொக்கி வர வேண்டும். மூன்றிலும் தன் கையாலேயே போட்டா. நான் வெட்டி வைத்திருந்த பேப்பர் துண்டுகளில் ஒன்றில்கூட அது இருக்கவில்லை. என்னுடைய தட்டச்சு இயந்திரத்திலும் அந்த எழுத்து இல்லை. அன்றிரவு புதிதாக அடித்த பக்கத்தில் அந்த மூன்று பெயருக்கும் கறுப்புப் பேனையால் கொக்கி போட்டு அனுப்பினேன்.

அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, அதையும் பாதியில் வெட்டி எழுதிய அட்டையைப் பல வருடம் கைப்பையில் கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். ஒரு பெயரைச் சரியாக எழுதுவது என்ன பெரிய காரியம் என்று எங்களில் யாரும் கேட்க மாட்டோம்.

இன்னொன்று. தீ வைப்பதற்கு மூன்று நாள் முன்னர், மே 26ஆம் திகதி, பொன் நகரில் கூடிய நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் இருந்த அடைக்கல உரிமையைச் சுருக்கித் திருத்தம் நிறைவேற்றியது. பேப்பரில் அது ஒரு பக்கம், தீ இன்னொரு பக்கம். இங்கே இருப்பவர்கள் இரண்டையும் ஒரே கிழமையில் வாசித்தவர்கள், தாங்களே சேர்த்து யோசிப்பார்கள். எல்லைக்கு அப்பால் இருந்து வாசிப்பவருக்கு அந்தக் கிழமை தெரியாது. அதை நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று அடித்துச் சொல்லாதே. இரண்டு திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வை. பொலிஸ் சொன்னதைப் பொலிஸ் சொன்னது என்றே எழுது, அயலவர் சொன்னதை அயலவர் சொன்னது என்றே எழுது. நீ கண்ணால் கண்டதைத் தனியாக எழுது.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாக ஐந்து கஷ்கொட்டை மரங்கள் நிற்கின்றன. முதல் குறிப்பை எழுத முதல் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வா.

‘ஃப்ரெம்டன்ஃபைன்ட்லிஷ்கைட்’ என்று ஜேர்மன் செய்திகளில் வருவதைத் தமிழில் ‘வெளிநாட்டவர் வெறுப்பு’ என்று எழுதலாமா? எங்கள் வானொலியில் அப்படித்தான் சொல்கிறோம்.
*வானொலி அறிவிப்பாளர், பேர்ன்*

சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அந்நியர்மீது பகை’. உங்கள் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. மூலச் சொல்லில்தான் கோளாறு. கெஞ்ச் குடும்பம் இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தது. வெளிநாட்டவர் என்று சொல்லும்போது, தாக்கப்பட்டவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதை நாங்களும் ஒப்புக்கொண்டு விடுகிறோம். இங்கே பிறந்து, இங்கத்தைய பாஸ்போட் வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளைத் தெருவில் அடித்தால் அதற்கு என்ன பெயர்? இனவாதம். 1990களில் ஜேர்மன் அதிகாரிகள் அந்தச் சொல்லைத் தவிர்த்து ஒதுங்கினார்கள். அதனால் நான் இரண்டையும் எழுதுவேன். அவர்கள் பாவித்த சொல்லை மேற்கோளில் வைத்து, அதன் பொருளைக் கூறி, பிறகு என் சொல்லில் இனவாதம் என்று எழுதுவேன். நீங்களும் வானொலியில் அப்படிச் செய்யலாம், இன்னும் ஐந்து விநாடிதான் கூடும்.

சில சொல்லை மொழிபெயர்க்கவே மனம் வராது. 1992 நவம்பர் 23இல் மேல்ன் என்ற சிறு நகரத்தில் இரண்டு வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பஹிதே அர்ஸ்லான், 51 வயது. பேத்தி யெலிஸ், 10 வயது. ஆய்ஷே யில்மாஸ், 14 வயது, மூவரும் இறந்தார்கள். சான்சலர் ஏன் துக்க நிகழ்வுக்குப் போகவில்லை என்ற பேச்சு எழுந்தபோது, அரசின் பேச்சாளர் ‘பைலைட்ஸ்டூரிஸ்முஸ்’ என்ற சொல்லைப் பாவித்தார். துக்கம் விசாரிக்கிற சுற்றுலா. எங்கள் ஊரில் வேலிச் சண்டை பிடித்து முகம் பார்க்காதவன்கூடச் செத்த வீட்டுக்கு வருவான். படலையடியில் நின்றுவிட்டாவது போவான். பிற்பாடு பழைய கொப்பிகளைப் புரட்டும்போது அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நெடுநேரம் இருந்திருக்கிறேன் என்பது ஞாபகம் வருகிறது. விளக்கம் ஒன்றும் சேர்க்கவில்லை, சொல்லை மட்டும் அனுப்பினேன்.

இன்னொரு சொல்லில் நானே தவறினேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை. 2000 செப்ரெம்பர் தொடங்கி 2006 ஏப்ரல் வரை ஒன்பது பேரை, எட்டுத் துருக்கிய வழி வந்தவர்களையும் ஒரு கிரேக்கரையும், ஒரே துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். பூ விற்றவர், மரக்கறிக் கடைக்காரர், சாவி வெட்டிக் கொடுத்தவர், இணையக் கடை நடத்திய 21 வயது இளைஞர் என்று ஒவ்வொருவரும் ஒரு தொழில். பேப்பர்களோ ‘டோனர் கொலைகள்’ என்று எழுதின, கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் றொட்டியில் இறைச்சி சுற்றி விற்றவர்கள் போல. பொலிசின் விசாரணைக் குழுவுக்கு ‘பொஸ்போரஸ்’ என்று துருக்கியில் உள்ள நீரிணையின் பெயர். கடத்தல் கும்பலா, குடும்பப் பகையா, போதைப்பொருளா என்று இறந்தவர்களின் மனைவிகளையும் பிள்ளைகளையுமே வருடக்கணக்காகக் குடைந்தார்கள்.

நான் 2006இல் லண்டனுக்கு அனுப்பிய கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறது. மேற்கோள் குறிகூட இல்லை. ‘குற்றக் கும்பலின் வேலை என்று பொலிஸ் சந்தேகிக்கிறது’ என்று ஒரு வரியோடு முடித்துவிட்டேன். அதே வருடம் மே மாதம் காசலில் குடும்பங்கள் ஊர்வலம் போயின. டோட்முண்டிலும் போயின. ‘பத்தாவது பலி வேண்டாம்’ என்று எழுதிப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். யாரால் கொல்லப்படுகிறோம் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. 2011 நவம்பரில், கொன்றது ஒரு நாஜிக் குழு என்று வெளியே தெரியவந்த பிறகுதான் நாட்டுக்கு விளங்கியது. டோட்முண்ட் எனக்குத் தூரமே இல்லை. சோலிங்கனில் மதிலில் இருந்து கற்றுக்கொண்டதை மறந்து, அன்றைக்கு நான் வீட்டில் இருந்து பேப்பர் வெட்டினேன்.

டோட்முண்ட் மாணவிக்கும் இதையே சொல்கிறேன். உன் நகரத்தில் கொல்லப்பட்டவர் மெஹ்மெத் குபாஷிக், மல்லின்க்ரோட் தெருவில் பெட்டிக்கடை வைத்திருந்தவர். அவர் பெயரில் இப்போது ஒரு சதுக்கம் இருக்கிறது. அவருடைய ‘ஷ்’ எழுத்துக்கும் அடியில் ஒரு கொக்கி உண்டு.

அந்த லண்டன் நிறுவனத்தைத் தொடங்கியது எங்கள் சிவானந்தன் என்று இங்கே ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா?
*வாசகர், லாச்சப்பல், பாரிஸ்*

தொடங்கியவர் அவர் இல்லை, தலைகீழாகத் திருப்பியவர் அவர். 1952இல் வேறொரு பெரிய வெளிவிவகார ஆய்வு நிலையத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1958இல் தனி நிறுவனமானது. பெரிய கம்பனிகளின் பணம், கனவான்களின் நிர்வாக சபை. கறுப்பின மக்களைப் பற்றி ஆராய்ந்து அரசுக்குச் சொல்லும் இடமாக இருந்தது. அம்பலவாணர் சிவானந்தன் 1958 கலவரத்தின் பின் கொழும்பை விட்டு லண்டனுக்கு வந்தவர். அந்த வருடமே நொட்டிங்ஹில்லில் கறுப்பின மக்களுக்கு எதிரான கலவரம். இலங்கையில் வங்கி மனேஜராக இருந்தவர் லண்டனில் ஒரு நூலகத்தில் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்து தொடங்கி, 1964இல் இந்த நிறுவனத்தின் நூலகரானார். 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் வாக்களித்து நிர்வாக சபையைத் தோற்கடித்தார்கள். பணம் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், நூலகம் மிஞ்சியது. அடுத்த வருடம் அவர் இயக்குநர். 1974இல் அவர்களுடைய பழைய ஆய்விதழ் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்று பெயர் மாறியது. 83 ஜூலைக்குப் பிறகு, 1984இல், இலங்கையின் இனவாதத்தைப் பற்றி ஒரு சிறப்பிதழ் கொண்டு வந்தார்கள். எங்கள் கதையை முதன்முதலில் ஆங்கிலத்தில் கோர்வையாக நான் வாசித்தது அதில்தான். 2018 ஜனவரியில், 94ஆவது வயதில் காலமானார். “நீங்கள் அங்கே இருந்தீர்கள், அதனால் நாங்கள் இங்கே இருக்கிறோம்” என்று அவர் சொன்னதைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள்.

அவரைத் ‘தமிழர்’ என்ற ஒரு பெருமைக்குள் அடக்கிவிடாதீர்கள். ஆபிரிக்கர், கரிபியர், ஆசியர் எல்லோரையும் ஒரே போராட்டத்தில் பார்த்தவர் அவர்.

அக்கா, நான் 4 வருடமாக டுல்டுங்கில் இருக்கிறேன். விடுதிக் காவலாளி எங்களை நடத்தும் விதத்தை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதலாமா? பிடித்து அனுப்பி விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.

எழுதலாம் தம்பி, ஆனால் ஆறுதலாக. டுல்டுங் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி: அது வதிவிட அனுமதி இல்லை. “உன்னை இப்போதைக்கு அனுப்பவில்லை” என்று எழுதிய கடதாசி, அவ்வளவுதான். அதனால் உங்கள் பயம் நியாயமானது.

உங்கள் பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1990களில் ஒரு விடுதியில் சாப்பாட்டுப் பொதிகளைப் பற்றி ஒரு தகப்பன் எனக்குச் சொன்னதை எழுதினேன். அவருடைய பெயரை எழுதவில்லை. ஊரின் பெயரை எழுதினேன், ‘மூன்று பிள்ளைகளின் தகப்பன், தமிழர்’ என்றும் எழுதினேன். அந்த ஊர் விடுதியில் இருந்தது ஒரே ஒரு தமிழ்க் குடும்பம். நான் எழுதியது இங்கே ஒரு ஆதரவுக் குழுவின் துண்டுப்பிரசுரத்தில் திரும்பி வந்து, விடுதி நிர்வாகியின் மேசைக்கும் போய்விட்டது. அனுப்பிவைக்கவில்லை. ஆனால் இரண்டு கிழமைக்குள் அவர்களை வேறு விடுதிக்கு மாற்றினார்கள், மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போனது. அந்த அம்மா எனக்கு ரெலிபோன் எடுத்து ஏசவில்லை. “ஏன் அக்கா எங்களிட்டை ஒருக்கால் காட்டியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டா.

அன்றிலிருந்து ஆளிடம் வாசித்துக் காட்டாமல் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. நீங்களும் முதலில் சட்டத்தரணியிடமோ அகதிகள் ஆலோசனை நிலையத்திலோ கதையுங்கள். நடந்ததைத் திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் உடனுக்குடன் குறித்து வையுங்கள், அனுப்பாவிட்டாலும் கொப்பி உங்களோடு இருக்கட்டும். அனுப்பும்போது மாநிலத்தின் பெயர் போதும். பிள்ளைகளின் எண்ணிக்கை, நாடு, வந்த வருடம் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டாம்.

வெள்ளையர் எங்களுக்குச் செய்வதை எழுதுகிறீர்கள். எங்கள் வீடுகளில் கறுப்பினத்தவரைப் பேசுவதைப் பற்றி லண்டனுக்கு எழுதியிருக்கிறீர்களா?
*வாசகி, ஹாம்*

எழுதினேன், மிகவும் பிந்தி. 2005 ஜனவரி 7இல் டெசாவ் நகரப் பொலிஸ் நிலையத்தின் சிறைக்கூண்டில், சியரா லியோனைச் சேர்ந்த ஊரி ஜாலோ கையும் காலும் மெத்தையோடு கட்டப்பட்ட நிலையில் எரிந்து இறந்தார். அந்தக் கிழமை ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் இதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மரியாதையான ஒரு ஐயா, சாப்பாட்டுத் தட்டோடு நின்றபடி, “ஆர், காப்பிலியோ?” என்று கேட்டார். அதோடு அவருக்கு அந்தச் செய்தி முடிந்துவிட்டது. 1990இல் எபர்ஸ்வால்டவில் நாஜி இளைஞர் கூட்டம் அடித்துக் கொன்ற அங்கோலாத் தொழிலாளி அமதேயு அன்டோனியோவையும் அவர் அப்படித்தான் கேட்டிருப்பார். அவருடைய பெயரில் இயங்கும் அறக்கட்டளை, ஜேர்மனி ஒன்றான பிறகு வலதுசாரி வன்முறையில் இறந்தவர்கள் 200 பேருக்கு மேல் என்று பெயர் பெயராகத் தொகுத்து வைத்திருக்கிறது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கு அதில் ஏறக்குறையப் பாதி.

அந்த ஐயாவுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஊரி ஜாலோவைப் பற்றிய கடிதத்தின் கடைசியில், எங்கள் மொழியில் இப்படி ஒரு சொல் இருக்கிறது, இன்று ஒரு மண்டபத்தில் கேட்டேன் என்று எழுதினேன். உங்கள் வீட்டில் அந்தச் சொல் வந்தால், பிள்ளைகள் முன்னிலையில் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

பழைய கடிதங்களையும் பாக்ஸ்களையும் என்ன செய்தீர்கள்? என்னிடமும் அப்பாவின் அகதி விண்ணப்பக் காலக் கடதாசிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.
*வாசகர், எசன்*

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மேல்ன் தீவைப்புக்குப் பிறகு, ஜேர்மனி முழுவதிலுமிருந்து நூற்றுக்கணக்கானோர் அந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் கடிதம் எழுதினார்கள், சிறு பிள்ளைகளும் எழுதினார்கள். அவை குடும்பங்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிடந்தன. தப்பிப் பிழைத்த, பஹிதேயின் பேரன் வளர்ந்து பெரியவனான பிறகுதான் அப்படிக் கடிதங்கள் இருப்பதே தெரியவந்தது.

கொலோனில் ‘டோமிட்’ என்ற குடிபெயர்வு ஆவணக் காப்பகம் இருக்கிறது. துருக்கியக் குடியேறிகள் 1990இல் உங்கள் எசனிலேயே தொடங்கியது. எங்கள் ஆட்களின் பெட்டிகளும் அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அதற்கு முதல் ஒரு அவசரம். பழைய பாக்ஸ் கடதாசி சூட்டில் எழுத்து விழும் வகை, வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். லண்டனிலிருந்து 1993இல் வந்த அந்த முதல் கேள்விகளின் தாள் இப்போது என்னிடம் வெறும் மஞ்சள் கடதாசி, கடைசி வரியில் நாலு சொல் மட்டும் தெரிகிறது. அப்பாவின் பெட்டியை இந்தக் கிழமையே திறந்து, வழுவழுப்பான சுருள் கடதாசிகளை முதலில் பிரித்தெடுத்துப் பிரதி எடுங்கள். பிளாஸ்ரிக் உறையில் போடாதீர்கள். பிரதியின் பின்பக்கத்தில் யார், யாருக்கு, எந்த வருடம் என்று பென்சிலால் எழுதுங்கள். அப்பா உயிரோடு இருந்தால் அவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்டு எழுதுங்கள். தனியாகச் செய்யக் கஷ்டம் என்றால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள், ஒரு சனிக்கிழமை நான் எசனுக்கு வருகிறேன்.